கைக்கேற்ற மவுஸ்: எங்கள் காரைக்குடிப் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் முகப்பில் எங்கள் பட்டறை இருக்கிறது. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஆசாரி, டிவி, ரிமோட், மவுஸ் பழுதுபார்க்கும் ஒரு தம்பி, அப்புறம் நான். நான் பதினைந்து வருடம் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்தே மணிக்கட்டைக் கெடுத்துக்கொண்டவன். மூன்று பேரும் சேர்ந்து மூன்று வருடமாக, நாள் முழுக்கப் பிடித்தாலும் கை நோகாத ஒரு மவுஸ் செய்யப் பார்க்கிறோம். வருகிறவர்கள் கேட்பதை இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

சாதாரண மவுஸில் அப்படி என்ன குறை?

எழுந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். உள்ளங்கை தொடையைப் பார்த்தபடி இருக்கும். அப்படியே முழங்கையை மடக்கி மேஜை மேல் வையுங்கள். சுண்டுவிரல் பக்கம் கீழே, கட்டைவிரல் மேலே. பேனா பிடித்து எழுதும்போதும் கை ஏறக்குறைய இப்படித்தான் சாய்ந்து கிடக்கும். சாய்ந்த பலகை வைத்த கணக்குப்பிள்ளைப் பெட்டியில் தலைமுறை தலைமுறையாகப் பேரேடு எழுதிய கைகளும் இப்படித்தான் கிடந்தன.

இப்போது மவுஸைப் பிடியுங்கள். உள்ளங்கை தரையைப் பார்க்கத் திரும்பிவிட்டது. முன்கையில் இரண்டு எலும்புகள் இணையாக ஓடுகின்றன. உள்ளங்கையைக் கவிழ்த்தால் கட்டைவிரல் பக்கத்து எலும்பு மற்றதன் குறுக்கே ஏறிப் படுக்கும். இதில் தப்பு ஒன்றும் இல்லை, கை அதற்காகவும்தான் படைக்கப்பட்டிருக்கிறது. எட்டு மணி நேரம் அப்படியே திருகி வைத்திருப்பதுதான் சிக்கல்.

இன்னும் இரண்டு வளைவுகள் உண்டு. மவுஸின் முதுகு உயரமாக இருப்பதால் மணிக்கட்டு பின்பக்கமாக மடங்குகிறது. விசைப்பலகையின் வலது ஓரத்தில் எண் விசைகள் இருப்பதால் மவுஸ் தள்ளிப்போய், தோள் விரிந்து, மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் ஒடிகிறது. எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கடைசி வளைவுதான் வலியின் ஊற்று. அதற்குப் புது மவுஸ் வேண்டியதே இல்லை, மவுஸை உடம்புக்குக் கிட்டே கொண்டுவந்தாலே போதும்.

அப்படியானால் கை மரத்துப்போவதற்கு மவுஸ்தான் காரணமா?

அப்படி ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. உள்ளே வீக்கம் வந்தால் நரம்பு நசுங்கும். அப்போது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரக்கும். நீரிழிவு, தைராய்டுக் குறைபாடு, கர்ப்பகாலம் எல்லாமே இதற்கு வழிவிடும். அதில் மவுஸின் பங்கு எவ்வளவு என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

சுண்டுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு. முழங்கையை மேஜை விளிம்பில் ஊன்றுகிறீர்களா என்று பாருங்கள். இரவில் மரத்துப்போய் தூக்கம் கலைகிறது, கையிலிருந்து சாமான் நழுவுகிறது என்றால் எங்களிடம் வராதீர்கள், டாக்டரிடம் போங்கள். ஆசாரி ஒருவரை இப்படித் திருப்பி அனுப்பினார். அவர் கோபித்துக்கொண்டுதான் போனார், பரவாயில்லை.

கையை எப்படி அளப்பது?

மணிக்கட்டில் கையடியில் ஓடும் ரேகையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஸ்கேல் வைத்து அளந்தால் நீளம். கட்டைவிரலை விட்டுவிட்டு, நான்கு விரல்களும் தொடங்கும் முட்டிகளின் குறுக்கே அளந்தால் அகலம். எங்கள் கணக்கில் நீளம் 17 செ.மீ.க்குக் கீழே சிறிய கை, 17 முதல் 19 வரை நடுத்தரம், அதற்கு மேலே பெரிய கை.

ஒரு துணிக்கடையில் பில் போடும் ஆச்சியின் கையை அளந்தபோது 16 செ.மீ. கூட இல்லை. கடையில் வாங்கிப்போட்டிருந்த மவுஸ் தடிமனான ஆள் பிடிப்பது. அவர் உள்ளங்கையை அதன் மேல் வைக்கவே முடியாமல், நண்டு பிடிப்பதுபோல விரல் நுனிகளால் மட்டும் பிடித்திருந்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் காற்றில் நின்றன. மணிக்கட்டு கண்ணாடி மேஜையின் விளிம்பில் அழுந்தி ஒரு சிவப்புக் கோடு. “இது எப்போதிருந்து ஆச்சி?” என்றேன். “வளையல் தடம்னுல்ல நெனச்சேன்” என்றார். அவருக்குச் சாய்ந்த மவுஸ் எதுவும் தரவில்லை. மடிக்கணினிக்கென்று விற்கும் சின்ன மவுஸ் ஒன்றை வாங்கச் சொன்னோம், விளிம்பில் பழைய துண்டை மடித்துப் போடச் சொன்னோம். அவ்வளவுதான்.

கையை மாவில் அழுத்தி அச்செடுத்து அதே வடிவில் செய்தால் மிகப் பொருத்தமாக இருக்குமே?

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எங்கள் முதல் மவுஸ் தோற்றதே அதனால்தான்.

சப்பாத்தி மாவுப் பதத்தில் களிமண் பிசைந்து, ஆசாரி அதைச் சும்மா பிடிக்க, விரல் பதிந்த பள்ளங்களோடு காயவைத்தோம். அதைப் பார்த்து அவரே தேக்கில் செதுக்கினார். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வாய்க்கால், கட்டைவிரலுக்கு ஒரு குழி. பார்க்க அவ்வளவு அழகு. கையை வைத்தால் பெட்டிக்கு மூடி உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. பத்து நிமிடம் சொர்க்கம். ஒரு மணி நேரத்தில் ஆசாரிக்கே முன்கை கடுத்தது. என் கைக்கோ பள்ளங்களின் வரப்பெல்லாம் விரல் மூட்டில் குத்தின.

காரணத்தை அவர்தான் கண்டுபிடித்தார். “தம்பி, உளி பிடிக்கிற கை ஒரே இடத்துல இருக்காது. அப்பப்ப நகந்துக்கிட்டே இருக்கும். இது கையைக் கட்டிப்போட்டுருச்சு.” உளிப்பிடியை அவர் முழு உருண்டையாகவும் கடைவதில்லை, விரல் பள்ளமும் வெட்டுவதில்லை. இரண்டு பக்கம் லேசாகத் தட்டையாக்கி விட்டுவிடுவார். தட்டையைத் தொட்டதும் உளி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கைக்குத் தெரியும். அதற்குமேல் கை தன் இஷ்டத்துக்குப் பிடித்துக்கொள்ளும்.

அன்றிலிருந்து எங்கள் விதி இதுதான்: மவுஸ் கைக்குச் சாய்வு கொடுக்கலாம், தாங்கல் கொடுக்கலாம். விரல் இங்கேதான் இருக்க வேண்டும் என்று ஆணையிடக் கூடாது. ஒரு மணி நேரத்தில் கை நான்கைந்து விதமாகப் பிடித்துப் பார்க்க இடம் இருக்க வேண்டும். கடையில் வாங்கும்போதும் இதைச் சோதியுங்கள். விரலுக்கு விரல் பள்ளம் வெட்டிய மவுஸ் என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

எவ்வளவு சாய்வு நல்லது? முழுக்கச் செங்குத்தாகவே வைத்துவிடலாமா?

வைக்கலாம், ஆனால் வேறு ஒரு தொல்லை முளைக்கும். சாதாரண மவுஸில் சொடுக்கும் விரல் கீழ்நோக்கி அழுத்துகிறது, மேஜை தாங்கிக்கொள்கிறது. நிமிர்ந்த மவுஸில் விரல் பக்கவாட்டில் அழுத்துகிறது. அந்தப் பக்கம் தாங்க எதுவும் இல்லை, மவுஸ் நகர்ந்துவிடும். சொடுக்க நினைத்த கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டம் சொடுக்கப்படும். நகராமல் இருக்கக் கட்டைவிரல் எதிர்ப்பக்கம் அழுத்தும். மணிக்கட்டைக் காப்பாற்றப் போய்க் கட்டைவிரல் அடிவாங்கும்.

அதனால்தான் சந்தையில் இருப்பவையும் 90 டிகிரிக்குப் போகாமல் நடுவில் எங்கோ நிற்கின்றன. லாஜிடெக்கின் எம்எக்ஸ் வெர்டிகல் 57 டிகிரி. நாங்கள் 70-ல் ஆரம்பித்து, இப்போது 50-க்குக் கொஞ்சம் மேலே நிற்கிறோம். அடிப்பகுதியை அகலமாக்கினோம், ஸ்விட்சை மென்மையானதாக மாற்றினோம். சாதாரண மவுஸ் ஸ்விட்ச் 60, 70 கிராம் எடை வைத்தாற்போல அழுத்தினால் சொடுக்கும். நிமிர்ந்த மவுஸுக்கு அதைவிடக் குறைவாக இருந்தால் நல்லது.

வெளியே அவ்வளவாகப் பேசப்படாத விஷயம் ஒன்று. கை சாய்ந்ததும், நாம் “மேலே” என்று நினைத்துத் தள்ளும் திசையும் லேசாகச் சாய்ந்துவிடுகிறது. திரையில் அம்புக்குறி கோணலாக ஏறும். கைதான் பழகவில்லை என்று நினைத்து இரண்டு வாரம் வீணாக்கினோம். கடைசியில் உள்ளே இருக்கும் சென்சாரைச் சில டிகிரி திருப்பி ஒட்டியதும் சரியாகிவிட்டது. இன்னொன்று, சுண்டுவிரல். அது மேஜையில் உரசிக்கொண்டே போகும், சாயங்காலத்துக்குள் தோல் எரியும். அடியில் அரை அங்குலத்துக்கு ஒரு திண்ணை மாதிரி விட்டால் விரல் அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

மரத்தில் மவுஸா? விளையாட்டா?

உலகத்தின் முதல் மவுஸே மரத்தில் செய்ததுதான். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் யோசனை சொல்ல, பில் இங்கிலிஷ் 1964-ல் செய்தார். ஒரு மரக்கட்டை, அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான். ஒரு சக்கரம் குறுக்கே போவதை அளக்கும், மற்றது நெடுக்கே. 1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் அதைக் கூட்டத்தின் முன் இயக்கிக் காட்டினார். 1970-ல் காப்புரிமை கிடைத்தது. அதற்கும் முன்னால், 1952 வாக்கில், கனடாக் கடற்படைக்காகச் செய்த ஒரு கருவியில் பௌலிங் பந்தை உருட்டி அம்புக்குறியை நகர்த்தியிருக்கிறார்கள். ஆகவே மரக்கட்டையோடு உட்கார்ந்திருக்கும் எங்களைப் பார்த்துச் சிரிப்பவர்களிடம் நான் 1964 என்று மட்டும் சொல்வேன்.

எங்களுக்கு மரம் வசதி, ஏனென்றால் பத்து நிமிடத்தில் திருத்தலாம். “இங்கே கொஞ்சம் உறுத்துதண்ணே” என்று ஒருவர் சொன்னால், அரத்தால் இரண்டு இழுப்பு, உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு, திரும்பக் கையில் கொடுத்துவிடலாம். முதல் மாதிரிகளுக்குக் கல்யாண முருங்கைக் கட்டை எடுத்துக்கொள்கிறோம். பஞ்சு மாதிரி எடையில்லாதது, சீக்கிரம் செதுக்கலாம், வீணானால் மனசு வலிக்காது. வடிவம் பிடித்துவிட்டால்தான் தேக்கு. பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் பர்மாத் தேக்குத் துண்டுகள் இங்கே பஞ்சமில்லை. உள்ளே நன்றாகக் குடைந்துவிட வேண்டும். கடை மவுஸ்கள் பெரும்பாலும் 80 முதல் 120 கிராமுக்குள். எங்கள் முதல் தேக்கு மவுஸ் அதைப்போல இரண்டு பங்கு இருந்தது, அம்மிக் குழவியை நகர்த்துவதுபோல.

3டி பிரிண்டரில் அடிக்கலாமே?

அடித்தோம். அச்சடிக்கும் பிளாஸ்டிக் கம்பிகளில் மலிவாகவும் சுலபமாகவும் கிடைப்பது பிஎல்ஏ. அது 60 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பித்துவிடும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காரில் ஒரு மவுஸை மறந்து வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி ஒரு பக்கம் சரிந்திருந்தது. பெட்ஜி என்ற வகை இதைவிடச் சூடு தாங்கும்.

ரப்பர் பூச்சு மட்டும் வேண்டவே வேண்டாம். புதிதில் பட்டுப்போல இருக்கும். வியர்வையும் ஈரக்காற்றும் சேர்ந்தால் இரண்டு மூன்று வருடத்தில் பிசுபிசுவென்று ஆகிவிடும், துடைக்கத் துடைக்க ஒட்டும். நம்மூருக்குச் சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக்கே மேல்.

உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸை நீங்களே செய்கிறீர்களா?

இல்லை. முந்நூறு நானூறு ரூபாய் மவுஸைப் பிரித்து அதன் பலகையை எடுத்துக்கொள்கிறோம். அடியில் ஒரு விளக்கு, ஒரு குட்டிக் கேமரா. அந்தக் கேமரா மேஜைப் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கில் படம் பிடித்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போடுகிறது. லென்ஸுக்கும் மேஜைக்கும் இடையே ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. அரை மில்லிமீட்டர் கூடினாலே அம்புக்குறி நடுங்கும். அதனால் மேலே எந்த மரமானாலும் அடித்தட்டு அக்ரிலிக். ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்து உப்பியபோது கற்ற பாடம் இது.

ஸ்விட்சுகளைப் பெயர்த்து ஒயர் இழுத்துச் சாய்ந்த பக்கத்தில் வைப்பது தம்பிக்குக் கை வந்த வேலை. திரையை மேலும் கீழும் நகர்த்தும் உருளைதான் படுத்தும். அது இருக்கும் இடம் அரை செ.மீ. தள்ளினாலும் நடுவிரல் நீண்டு எட்ட வேண்டிவரும். இன்றுவரை எனக்கு முழுத் திருப்தியான இடம் கிடைக்கவில்லை.

கடையில் கண்ணாடி மேஜை. எந்த மவுஸும் ஓட மாட்டேன் என்கிறதே?

கண்ணாடியில் கேமராவுக்குப் பிடித்துக்கொள்ளப் புள்ளியோ கீறலோ இல்லை, அதனால் குருடாகிவிடும். எல்லோரும் செய்வதுபோலக் காலண்டர் அட்டையைப் போடுங்கள், தப்பில்லை. படம் இல்லாத பின்பக்கம் மேலே வரட்டும். பேரேட்டைப் போடாதீர்கள், உயரம் கூடி மணிக்கட்டு இன்னும் மடங்கும்.

ஒருவர் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் ஒன்றையே மவுஸ் அட்டையாக வைத்திருந்தார். கோடையில் கைக்கு ஜிலுஜிலுவென்று இருக்கும், அதில் அவருக்குப் பெருமை. கண்ணாடி மேல் வார்த்த கல் என்பதால் வழவழப்பும் அபாரம். ஆனால் முக்கால் அங்குலத் தடிமனும் அந்தக் கூரான விளிம்பும் கைக்கு ஆகாது. அதை வாசலிலேயே விட்டுவைக்கலாம்.

நாள் முழுக்க டேலி. எனக்கு எந்த மவுஸ்?

உண்மையைச் சொன்னால் எங்கள் வியாபாரத்துக்கு நஷ்டம்: உங்களுக்கு மவுஸே அதிகம் வேண்டாம். டேலி விசைப்பலகைக்காகவே செய்த கணக்கு மென்பொருள். எஃப்5 பணம் கொடுத்தது, எஃப்6 வந்தது, எஃப்7 ஜர்னல், எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். பழைய கணக்கர்கள் மவுஸைத் தொடாமலே சாயங்காலம் வரை ஓட்டுவார்கள், பார்க்கவே அழகாக இருக்கும்.

எண் விசை இல்லாத சின்ன விசைப்பலகை வாங்குங்கள், மவுஸ் கிட்டே வரும் என்று பலர் அறிவுரை சொல்வார்கள். கணக்கு எழுதுகிறவரிடம் போய் எண் விசையை எடுத்துவிடு என்றால் எப்படி? அதற்குப் பதில் மவுஸை இடது கைக்கு மாற்றிப் பாருங்கள். வலது கை எண்களிலேயே இருக்கும், இடது கை சும்மா இருந்ததற்கு ஒரு வேலை கிடைக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான சாதா மவுஸ் போதும். நான் இப்போது காலையில் வலது, மத்தியானத்துக்கு மேல் இடது. இந்த மூன்று வருடத்தில் என் மணிக்கட்டுக்கு அதிக நன்மை செய்தது நாங்கள் செதுக்கிய எதுவும் இல்லை, இந்த ஒரு மாற்றம்தான். ஆசாரியிடம் இதை நான் சொல்வதில்லை.

மேஜை நாற்காலியும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். பழைய வீட்டுத் தேக்கு மேஜைகள் உயரமானவை, கீழே போடுவதோ பிளாஸ்டிக் நாற்காலி. முழங்கை கீழே, மவுஸ் மேலே, தோள் காதை நோக்கி ஏறிவிடும். உட்கார்ந்தால் முழங்கையும் மேஜைப் பரப்பும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வர வேண்டும். நாற்காலியில் தலையணை போட்டு ஏறி உட்கார்ந்து, காலுக்கு ஒரு மனைப்பலகையை வையுங்கள்.

டிராக்பால் நல்லதா?

டிராக்பால் என்றால் மவுஸ் அசையாது, அதில் பதித்த பந்தை விரலால் உருட்டி அம்புக்குறியை நகர்த்துவோம். மேஜையில் இடமில்லாதவர்களுக்கு நல்லது, கை நகர வேண்டியதில்லை. கட்டைவிரலால் உருட்டும் வகை என்றால் அந்த ஒரு விரலின் மேலேயே மொத்த வேலையும் விழும். ஏற்கெனவே போனில் நாள் முழுக்கக் கட்டைவிரலால் தள்ளுகிறவர்கள் யோசித்து வாங்குங்கள். ஆள்காட்டி, நடுவிரல் இரண்டாலும் உருட்டும் பெரிய பந்து வகை மேல்.

புது மவுஸ் பழக எத்தனை நாள்?

ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும். பழைய மவுஸைப் பிடுங்கிவிடாதீர்கள், இரண்டும் செருகியே இருக்கட்டும். அவசர வேலைக்குப் பழையது, சும்மா படிக்கும்போது புதியது. நாங்கள் ஒருவரைச் சோதிக்கும்போது எக்ஸெல் தாளில் அங்கங்கே ஐம்பது கட்டங்களுக்கு நிறம் அடித்துவிட்டு, வரிசையாகச் சொடுக்கச் சொல்லி நேரம் பார்ப்போம். தூரத்தில் இருக்கும் சின்ன இலக்கை எட்ட அதிக நேரம் ஆகும் என்று பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-ல் கணக்காகவே எழுதிவைத்தார். புது மவுஸில் பெரிய கட்டங்கள் சீக்கிரம் பழைய வேகத்துக்கு வந்துவிடும். சின்னக் கட்டங்கள்தான் அடம்பிடிக்கும். மூன்றாவது வாரத்திலும் அவை வரவில்லை என்றால், அந்த மவுஸ் அந்தக் கைக்கு இல்லை.

சுட்டி என்று எழுதாமல் ஏன் மவுஸ் என்றே எழுதுகிறீர்கள்?

சுட்டி நல்ல சொல்தான். பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஒரு பெரியவர் “எலி ரிப்பேர் பாக்குறது இங்கதானே?” என்று கேட்டு வந்தார். அதுவும் எங்களுக்குச் சம்மதமே.

விலை என்ன?

மரம், கூலி, உள்சாமான் எல்லாம் சேர்ந்து எங்களுக்கே இரண்டாயிரத்தைத் தொடுகிறது. மலிவான நிமிர்ந்த மவுஸ் கடையில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்போது உடனே எங்களுடையதை வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். முதலில் அதை வாங்கிச் சாய்வு உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். மிகச் சிறிய கை, மிகப் பெரிய கை, விரலில் அடிபட்டவர்கள் என்றால் மட்டும் நேரே வரலாம்.

வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

நீங்கள் இப்போது பிடிக்கும் மவுஸ். துடைக்காமல் அப்படியே. எந்த இடம் தேய்ந்து பளபளக்கிறது, எங்கே அழுக்குத் தங்கியிருக்கிறது என்று ஆசாரி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். விரல் எங்கே இருக்கிறது என்று நீங்கள் வாயால் சொல்வதும் அந்தத் தேய்மானம் சொல்வதும் இதுவரை ஒருமுறைகூட ஒத்துப்போனதில்லை.